வேடமும் மெய்ப்பாடும்

பிறர் உருவைத் தன்மேல் ஏற்றுப் பார்க்கும் வேட்கை மாந்தனுக்குப் புதிதன்று. கோயில் முற்றத்திலும் கூத்துக்களத்திலும் நாடக மேடையிலும் அவ்வேட்கை கலையாக மலர்ந்தது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களும் தெய்வங்கள் ஆடியவையாகக் கூறப்படுபவை. ஒவ்வோர் ஆடலுக்கும் அதற்கு உரியவரின் அணியையும் இயல்பையும் ஏற்று அவள் ஆடினாள் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். அணி ஒன்று, இயல்பு மற்றொன்று. இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் ஆடல் நிறைவு பெற்றது.

இன்றைய இளைஞரிடையே இவ்வேட்கை 'காஸ்பிளே' என்னும் பெயரோடு வளர்ந்து நிற்கிறது. வரைகதை, அசைபடம், கணினி விளையாட்டு ஆகியவற்றில் வரும் ஒரு பாத்திரத்தின் உடையைத் தாமே செய்து அணிந்து, அதற்கென நடைபெறும் மாநாட்டில் நிழற்படத்திற்கு நிற்பது இதன் இயல்பு. பெரியோர் பலர் இதனை வீண்செலவு என்று ஒதுக்குகின்றனர். இளைஞரோ, 'அச்சு அசலாக இருக்கிறது' என்று ஒரே சொல்லில் புகழ்ந்து முடித்துவிடுகின்றனர். ஒதுக்குவோரும் புகழ்வோரும் உடையை மட்டுமே கண்டு தீர்ப்புக் கூறுகின்றனர். உடைக்குள் நிற்பவர் தாம் ஏற்ற பாத்திரத்தை எவ்வளவு உணர்ந்திருக்கிறார் என்னும் வினா எழுவதே இல்லை. கலை எதுவாயினும் அதனை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். இக்கலைக்குரிய அளவுகோல் ஒப்புமையா, உணர்வா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தோற்றமும் பரவலும்

'காஸ்டியூம்', 'பிளே' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் சுருக்கி இணைத்தமையால் இப்பெயர் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் நொபுயுக்கி தக்காஹாஷி என்பவர் இதனை எழுத்தில் வழங்கினார். பெயர் ஜப்பானில் பிறந்ததேனும் வழக்கம் அதற்கு முந்தியது. 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்னும் இருவர் எதிர்கால மாந்தரின் உடையணிந்து வந்தனர். இருவர் உடையையும் உருவாக்கியவர் அவ்வம்மையாரே. 1975ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய வரைகதைச் சந்தை இவ்வழக்கத்திற்கு ஜப்பானில் நிலைத்த களமாயிற்று. 2003ஆம் ஆண்டு முதல் நகோயா நகரில் உலக மாநாடு நடைபெற்று வருகிறது. கோலாலம்பூரில் 2002ஆம் ஆண்டு 'காமிக் ஃபியெஸ்டா' தொடங்கியது. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு ஆசிய அசைபட விழா தொடங்கியது. ஆகவே தமிழ்ப்பள்ளியில் பயின்று வெளிவரும் மாணவர்க்கும் இஃது எட்டாத உலகமன்று.

இக்கலை இரண்டு கிளைகளாக வளர்ந்துள்ளது. ஒன்று மேடைப் போட்டி. மற்றொன்று நிழற்படம். மேடையில் நடப்பதற்கும் திரும்புவதற்கும் இடமுண்டு. இசையும் உரையாடலும் துணை நிற்கும். நிழற்படத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்து நிலை ஒன்றே உள்ளது. முன்பு நிகழ்ந்ததையும் இனி நிகழவிருப்பதையும் அந்த ஒரு நிலையே உணர்த்துதல் வேண்டும். எளிதாகத் தோன்றும் நிழற்படமே உண்மையில் அரிய கிளை எனலாம்.

ஒரு பாத்திரம்

பொதுவாகப் பேசுவதை விடுத்து ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நோக்கின் உண்மை தெளிவாகும். 1997ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான ஸ்குவேர், பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்னும் விளையாட்டின் தலைவன் கிளவுட் ஸ்ட்ரைஃப். டெட்சுயா நொமுரா வடிவமைத்த பாத்திரம் அது. மேல்நோக்கிச் சிலிர்த்த பொன்னிறத் தலைமயிர், கையில்லாத கருநீல மேலாடை, இடத் தோளில் உலோகக் காப்பு, ஒளிரும் நீலக் கண்கள், ஆள் உயரத்திற்குச் சற்றே குறைந்த அகன்ற வாள் ஆகியவை அவன் அடையாளங்கள். கால் நூற்றாண்டு கடந்தும் மாநாடுகளில் இவ்வேடம் புனைவோர் குறையவில்லை.

கதைத் தொடக்கத்தில் கிளவுட், 'சோல்ஜர்' என்னும் சிறப்புப் படையில் முதல் நிலை வீரனாக இருந்தவன் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறான். கூலிக்குப் போர் செய்பவனாய், எதிலும் பற்றற்றவனாய், செருக்கு மிக்கவனாய் நடக்கிறான். கதை வளர வளர உண்மை வெளிப்படுகிறது. அவன் அப்படையில் சேர முயன்று தோற்றவன். பெயரற்ற காவற்படையினருள் ஒருவனாக இருந்தவன். பெருவீரனாகத் திரும்புவேன் என்று வாக்களித்துப் புறப்பட்ட தன் ஊருக்கே பணியின்பொருட்டு மீண்டும் வர நேர்ந்தபோது, உடன் வளர்ந்த டிஃபாவின் முன்னிலையில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் முகம் மறைத்து நின்றவன். முதல் நிலை வீரனாய் விளங்கியவன் அவனுடைய தோழன் ஸாக். அவ்வாளும் தோழனுடையதே. கொடிய ஆய்வுக்கு ஆட்பட்டு உள்ளம் சிதைந்த கிளவுட், இறந்துபட்ட தோழனின் வாழ்வையே தன் வாழ்வாக நம்பி நடந்துகொண்டிருக்கிறான்.

கதைத் தலைவனே வேடம் பூண்டவன் என்பது இதனால் பெறப்படும். பிறர் வாளை ஏந்தி, பிறர் நடையை நடந்து, தன் முகத்தைத் தானே மறந்தவன் அவன். அவனாக வேடம் புனைபவர், வேடத்தின்மேல் வேடம் புனைகிறார். இதனை உணர்ந்து நிற்பவரும் உணராது நிற்பவரும் ஒரே உடையை அணிந்திருக்கலாம். ஒரே வாளை ஏந்தியிருக்கலாம். நிழற்படத்தில் அவ்விருவரும் ஒருவராகார்.

கைவினைத் திறன்

உணர்வைப் போற்றுவதற்காகக் கைவினையைக் குறைத்து மதித்தல் தகாது. அவ்வாளைச் செய்யும் முறையைச் சிறிது நோக்குக. குழந்தைகள் விளையாடும் அறையில் விரிக்கும் நுரைப்பாய் எவ்வகைப் பொருளோ, அவ்வகைப் பொருளே இதற்கும் பயன்படுகிறது. நடுவே மரச்சட்டமோ நெகிழிக் குழாயோ முதுகெலும்பாக நிற்கும். அதன் இருபுறமும் நுரைத்தகட்டை வெட்டி ஒட்டுவர். வெப்பக்காற்றுக் கருவியால் சூடேற்றின் நுரையின் மேற்பரப்பு இறுகும். வேண்டிய வளைவும் கிடைக்கும். பின்னர்ப் பலமுறை அடிப்பூச்சுப் பூசி, தேய்த்து, வெள்ளி வண்ணம் தீட்டுவர். இறுதியாகக் கரிய வண்ணத்தை ஆங்காங்கே தடவித் துடைப்பர். பல போர்களைக் கண்ட பழைய இரும்பு என்னும் தோற்றம் அப்போதுதான் வரும்.

பொய்ம்மயிரை நிமிர்த்தி நிறுத்துவது மற்றொரு பாடு. வெப்பமும் பசையும் கூடி நிறுத்திய ஒவ்வொரு கற்றையும் கோலாலம்பூரின் புழுக்கத்தில் தளரத் தொடங்கும். மாநாட்டு நாளன்று தைத்த நூல் அறுவதும், ஒட்டிய தோட்காப்புப் பெயர்வதும் வழக்கமாதலின் ஊசி, நூல், பசை ஆகியவை நிறைந்த பை ஒன்று தோழர் கையில் எப்போதும் இருக்கும். நகோயா மாநாட்டுப் போட்டியில் பங்கேற்போர் தம் உடையைத் தாமே செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்விதி போற்றத்தக்கது. தையல், தச்சு, ஓவியம், அளவைக் கணக்கு ஆகிய நான்கும் கூடிய உழைப்பைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. கையால் செய்தவருக்குப் பாத்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் பழகிவிடுகிறது. விலைக்கு வாங்கி அணிவோர்க்கு அப்பழக்கம் வேறு வழியில் கைவர வேண்டும்.

ஆயினும் கைவினை முடியும் இடத்தில்தான் கலை தொடங்குகிறது. நுரையால் செய்த வாள் மிக இலேசானது. ஒரு கையால் குடையைப்போல் தூக்கலாம். கதையில் வரும் வாளோ பெரும் பாரம் உடையது. இல்லாத பாரத்தை உடல் காட்ட வேண்டும். பின்கால் ஊன்றி நிற்க வேண்டும். இடுப்புச் சற்றே திரும்ப வேண்டும். முன்கை நரம்பு இறுக வேண்டும். இவை இல்லாதபோது எத்துணை அழகிய வாளும் அட்டையாகவே தோன்றும். வாளைச் செய்வதற்கு மூன்று திங்கள் செலவிட்டவர், அதனைப் பிடிப்பதற்குக் கண்ணாடி முன் மூன்று நாளேனும் பழகாமல் வருவது இக்கலையில் பெரிதும் காணப்படும் குறையாகும்.

மெய்ப்பாடு

உள்ளத்து நிகழ்வது பிறர்க்குப் புலப்படுமாறு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் அதனை எட்டாக வகுத்தார். அவற்றுள் பெருமிதம் ஒன்று. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கன் வழியே அது பிறக்கும். இளிவரல் மற்றொன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் அதற்கு நிலைக்களன்.

கிளவுட் பாத்திரத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்த்தால் அதன் அருமை விளங்கும். புறத்தே நிற்பது பெருமிதம். ஆனால் அப்பெருமிதத்திற்குரிய தறுகணும் புகழும் அவனுக்கு உரியனவல்ல, தோழனிடமிருந்து பெற்றவை. அகத்தே இருப்பது பிணியாலும் வருத்தத்தாலும் பிறந்த இளிவரல். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மெய்ப்பாடுகள் ஒரே உடலில் நிற்கும் நிலை இது. சிறந்த நிழற்படம் இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும்.

மாநாடுகளில் பெரும்பாலும் காணப்படுவது வெற்றிநிலையே. போரில் வென்றபின் கிளவுட் வாளைச் சுழற்றி முதுகில் சேர்ப்பான். விளையாடியோர் அனைவர் நினைவிலும் நிற்பது அது. அந்நிலையில் நிற்பவரைக் கூட்டம் உடனே அடையாளம் காண்கிறது. படம் எடுக்க விரைகிறது. அடையாளம் காட்டுவதற்கு அந்நிலை போதும். பாத்திரத்தை உணர்த்துவதற்கு அது போதாது. எவ்வளவு நேர்த்தியாக எடுக்கப்பட்டாலும் அப்படம் கதையின் முற்பாதியோடு நின்றுவிடுகிறது. அந்த முற்பாதியும் கிளவுட் தன்னைப்பற்றித் தானே நம்பிக்கொண்ட பொய்யாகும்.

இதற்கு மாறாக, அமெரிக்கப் பதிப்பின் மேலட்டையை எண்ணிப் பார்க்கலாம். அதில் கிளவுட் காண்போருக்கு முதுகு காட்டி, உயர்ந்த கட்டடத்தை நோக்கி நிற்கிறான். முகம் தெரியவில்லை. வாள் மட்டுமே பெரிதாகத் தெரிகிறது. முகமற்றவனுக்கு வாளே முகமாயிற்று என்னும் பொருள் கதையை முற்றும் அறிந்தவர்க்கு அதில் தோன்றாமற் போகாது. இப்படத்தைப் பின்பற்றி நிற்பவர், தோள்களை அகல விரித்து நின்றால் அது வெறும் வீரமாய் முடியும். பிடரியைச் சற்றே தாழ்த்தி, வாளின் பாரத்தை வலத்தோள் உணர்வதுபோல் நின்றால், முகம் காட்டாமலேயே இளிவரல் புலப்படும். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு விரற்கடை அளவே. கலையின் உயர்வும் தாழ்வும் அவ்விரண்டு விரற்கடையில் அடங்கியுள்ளன.

நிழற்படக் கலைஞரின் பங்கும் சிறிதன்று. ஒளியை முகத்தின் ஒருபுறம் மட்டும் விழச் செய்வதா, கருவியைத் தாழ வைத்து உருவத்தை உயர்த்திக் காட்டுவதா என்பன அவர் முடிவுகள். பின்னர்க் கணினியில் கண்ணுக்கு ஒளியூட்டுவதும், தீப்பொறி சேர்ப்பதும் இன்று எளிதாகிவிட்டன. அவை குற்றமல்ல. ஆனால் நின்றவர் உடலில் இல்லாத உணர்வை அவை உண்டாக்கித் தரமாட்டா.

எது மூலம்?

'அச்சு அசல்' என்று புகழ்வோரை ஒரு வினா மடக்கும். அசல் எது? 1997ஆம் ஆண்டு விளையாட்டில் ஊர்களிலும் தெருக்களிலும் நடமாடிய கிளவுட், கட்டைகளை அடுக்கியதுபோன்ற சிற்றுருவம். கைவிரல்கள்கூடப் பிரித்துக் காட்டப்படவில்லை. நொமுராவின் ஓவியத்தில் அவன் வேறு வகையாக இருந்தான். 2005ஆம் ஆண்டு வந்த திரைப்படத்தில் உடையும் மாறியது. 2020ஆம் ஆண்டு வந்த மறுபடைப்பில் துணியின் இழையும் தோலின் நுண்துளையும் தெரியும் உருவம் பெற்றான். நான்கும் அவனே. ஒவ்வொன்றும் மற்றொன்றின் நகலன்று. கட்டைபோன்ற அச்சிற்றுருவத்தைக் கண்டு, கண்ணீர் விடுமளவிற்கு அவனை முழு மாந்தனாகக் கற்பித்துக்கொண்டவர் விளையாடியவரே. ஆகவே வேடம் புனைபவர் நகல் எடுப்பவரல்லர். மூலத்தில் விடுபட்டதைத் தம் கற்பனையால் நிரப்புபவர். உரையாசிரியர் ஒருவர் பாட்டிற்குப் பொருள் காண்பதோடு இதனை ஒப்பிடலாம்.

நிறமும் வேடமும்

ஒப்புமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதால் விளையும் தீங்கு இங்கேதான் வெளிப்படுகிறது. கரிய நிறத்தவர் ஒருவர் வெண்ணிறப் பாத்திரத்தின் வேடம் பூண்டால், 'நிறம் ஒவ்வாது' என்று சொல்லத் துணிவோர் பல நாடுகளிலும் உள்ளனர். கிளவுட் ஜப்பானியர் படைத்த பாத்திரம், அவன் தலைமயிர் பொன்னிறம், கண் நீலம். ஜப்பானிய இளைஞர் பொய்ம்மயிரும் வண்ணக் கண்வில்லையும் அணிந்து அவனாகிறார். அவருக்குப் பிறப்பிலேயே பொன்மயிர் இல்லையே என்று எவரும் குறை கூறுவதில்லை. கோலாலம்பூரில் தமிழ் மாணவர் ஒருவர் அதே மயிரையும் அதே வில்லையையும் அணிந்து நின்றால், தோலை மட்டும் சுட்டிக் குறை கூறுவது எவ்வாறு முறையாகும்?

இதன் மறுபுறமும் உண்டு. கரிய பாத்திரமாக வேடம் பூணத் தம் முகத்திற்குக் கரிய வண்ணம் பூசிக்கொள்வோர் கண்டனத்திற்கு உள்ளாகின்றனர். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டு மேடைகளில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களை எள்ளி நகையாடிய கொடிய வரலாறு அக்கண்டனத்தின் பின்னே நிற்கிறது. இரு புறத்தையும் ஒருங்கே நோக்கினால் ஒரே கொள்கை கிடைக்கும். மயிர் உடையைச் சேர்ந்தது. வாள் உடையைச் சேர்ந்தது. தோல் உடையைச் சேர்ந்ததன்று. அது மாந்தனைச் சேர்ந்தது. பூணவும் வேண்டா, களையவும் வேண்டா.

மலேசியாவில் முசுலிம் பெண்கள் தம் தலைத்துணியையே பாத்திரத்தின் தலைமயிர்போல் மடித்தும் வண்ணந்தேர்ந்தும் அணிந்து வேடம் புனைகின்றனர். சமயநெறியும் வழுவவில்லை; பாத்திரமும் மறையவில்லை. தன்னை விட்டுக்கொடாமலேயே பிறராக நிற்கலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேவையில்லை.

காண்போர் கடமை

வேடம் பூண்டவர் பொதுப்பொருள் ஆகிவிடுவதில்லை. மாநாடுகளில் இசைவின்றிப் படம் எடுத்தலும், உடையைக் காரணமாக்கித் தொட முயலுதலும், நாவடக்கமின்றிப் பேசுதலும், குறிப்பாகப் பெண்களுக்குப் பெருந்தொல்லையாயின. வேடம் பூணுதல் இசைவு தெரிவித்தலாகாது என்னும் அறிவிப்புப் பலகைகளை 2014ஆம் ஆண்டு நியூயார்க் வரைகதை மாநாட்டினர் நிறுத்தினர். டோக்கியோ வரைகதைச் சந்தையிலோ வேடத்துடன் வருதலும் வேடத்துடன் வீடு திரும்புதலும் கூடா. அங்குள்ள அறையிலேயே உடை மாற்றிக்கொள்ள வேண்டும். களத்திற்கு ஓர் எல்லையுண்டு என்பதை இவ்விதி உணர்த்துகிறது. கேட்டு, இசைவு பெற்று, நன்றி கூறி விலகும் பண்பு காண்போரிடம் இருந்தால் கலையும் வளரும். கலைஞரும் அஞ்சாது வருவர்.

ஆசிரியர் உளங்கொள்ளத்தக்கது

இக்கலையில் குறைகள் இல்லாமல் இல்லை. செலவு வரம்பு கடப்பதுண்டு. பொருளுள்ளவர் விலைக்கு வாங்கிய உடையால் முன்னே நிற்க, இல்லாதவர் பின்னே நிற்பதுண்டு. படத்திற்குக் கிடைக்கும் பாராட்டை எண்ணிக்கொண்டே பாத்திரத்தை மறந்துவிடுவதும் உண்டு. வணிக நிறுவனம் ஒன்றிற்குக் கூலியின்றி விளம்பரம் செய்வதாகவும் சில வேளை இது முடிகிறது. தேர்வுக்குரிய நேரத்தை இது விழுங்கும்போது பெற்றோர் கவலைகொள்வதில் தவறில்லை.

எனினும் ஆசிரியர் கருதத்தக்கது வேறொன்று உண்டு. 'ஃபைனல் ஃபேன்டசி 7' மூன்று குறுவட்டுகளில் வந்த நெடுங்கதை. அதனைப் பொறுமையுடன் தொடர்ந்து, பாத்திரத்தின் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிந்து, அவ்வறிவை உடலால் வெளிப்படுத்தும் மாணவரிடம் இலக்கியம் பயில்வதற்குரிய தகுதி ஏற்கெனவே உள்ளது. அவரிடம், 'இவ்வுடைக்கு எவ்வளவு செலவாயிற்று?' என்று கேட்பது எளிது. 'இவன் ஏன் இப்படி நிற்கிறான்?' என்று கேட்கும் ஆசிரியர் அரியர். அவ்வொரு வினாவிற்கு விடை கூறப் புகுந்த மாணவர், தம்மை அறியாமலேயே பாத்திரப் படைப்பை ஆராயத் தொடங்கிவிடுவார். அங்கிருந்து அரசவையில் சிலம்பேந்தி நின்ற கண்ணகியின் நிலையை நோக்கி அவரை அழைத்துச் செல்வது அரிதன்று.

பள்ளி மேடைக்கும் இப்பாடம் பொருந்தும். கலைநிகழ்ச்சி வரும்போது வாடகை உடைக்கும் முகப்பூச்சுக்கும் ஓடும் ஓட்டம், பாத்திரத்தைப் படித்துணர்வதற்கு ஓடுவதில்லை. கண்ணகியாக நிற்கும் சிறுமிக்குக் கையில் ஒற்றைச் சிலம்பு கொடுத்தால் போதும் என்று கருதுவதும், கிளவுட்டாக நிற்கும் இளைஞருக்குக் கையில் நுரைவாள் கொடுத்தால் போதும் என்று கருதுவதும் ஒரே பிழை. மாநாட்டு மண்டபத்தில் விளக்கணைந்தபின் பொய்ம்மயிர் பெட்டிக்குள் செல்லும். வாள் சுவரோரம் சாயும். அந்த ஒரு நாளில் பிறர் துன்பத்தைத் தம் தோளில் ஏற்று நின்ற பயிற்சி மட்டும் வேடத்தோடு கழன்றுவிடாது.